மாத்திரை தடைபடக் கூடாது: பெருந்தொற்று வலிப்பு நோயாளிகளுக்குத் தந்த பாடம்

கோவிட்-19 பெருந்தொற்று நாட்டைப் புரட்டிப் போட்ட காலத்தில் மூச்சுத் திணறியவர்களைப் பற்றியும், வேலை இழந்தவர்களைப் பற்றியும், உறவினரின் முகத்தைக் கடைசியாகக்கூட பார்க்க முடியாமல் போனவர்களைப் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. அதே காலத்தில் சத்தமில்லாமல் சிரமப்பட்ட இன்னொரு பிரிவினர் இருந்தனர். தினமும் மாத்திரை சாப்பிட்டால்தான் நலமாக இருக்க முடியும் என்ற நிலையில் வாழும் வலிப்பு நோயாளிகளே அவர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உள்ளது. மலேசியாவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, ஆயிரம் பேரில் சுமார் 8 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்நோய் இருந்ததாகக் கூறுகிறது. அப்படியென்றால் ஆயிரம் பேர் குடியிருக்கும் ஒரு தோட்டத்திலோ, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ ஏழெட்டுப் பேராவது இருக்கலாம். ஆனால் அவர்கள் யார் என்பது அண்டை வீட்டாருக்குத் தெரிந்திருக்காது. மறைத்து வைக்கும் நோய்களில் இதுவும் ஒன்று.

பெருந்தொற்றுக் காலத்தில் இவர்களுக்கு ஆபத்து கிருமியிடமிருந்து மட்டுமல்ல, மருந்து தடைபட்டதாலும் வந்தது. இதைப் புரிந்துகொண்டால் அடுத்த முறை நோய்த்தொற்று வந்தாலும், வெள்ளம் வந்தாலும் வீட்டிலேயே பாதி தயாராகிவிடலாம்.

மாத்திரை ஏன் தவறக் கூடாது?

நம் மூளை கோடிக்கணக்கான நரம்பணுக்களால் ஆனது. அவை மிகச் சிறிய மின்துடிப்புகள் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு பகுதியிலோ மூளை முழுவதுமோ இந்த மின்துடிப்பு திடீரெனக் கட்டுக்கு மீறிப் பாயும்போது வலிப்பு ஏற்படுகிறது. சிலர் கீழே விழுந்து கை கால் வெட்டி இழுப்பார்கள். சிலர் சில வினாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் பழைய நிலைக்கு வருவார்கள். இன்னும் சிலருக்கு ஒரு கை மட்டும் துடிக்கும். எல்லாமே வலிப்புதான்.

வலிப்பு மருந்துகள் நோயை ஒரேயடியாக அகற்றுவதில்லை. கட்டுக்கு மீறும் மின்துடிப்பை அவை அடக்கி வைக்கின்றன. அதற்கு இரத்தத்தில் மருந்தின் அளவு எப்போதும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் அளவு இறங்கும். இரண்டு மூன்று நாள் தவறினால் மூளைக்கு இருந்த காவல் போய்விடும். திடீரென நிறுத்தினால், முன்பு வந்ததைவிடக் கடுமையான வலிப்பு வரவும் கூடும். 5 நிமிடத்திற்கு மேலும் நிற்காமல் தொடரும் வலிப்பு உயிருக்கே ஆபத்தான அவசர நிலை.

சரியான நோயறிதலும் மருந்தும் கிடைத்தால் நோயாளிகளில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்நோயில் நல்ல செய்தி அதுதான். ஆனால் அந்த நல்ல செய்தி முழுவதும் மாத்திரை தவறாமல் கையில் கிடைப்பதை நம்பியே இருக்கிறது. இரத்த அழுத்தத்திற்கோ நீரிழிவிற்கோ மருந்து தவறினால் பாதிப்பு பெரும்பாலும் மெதுவாகத் தெரியும். வலிப்பில் அன்றிரவே தெரிந்துவிடலாம்.

கோவிட் கிருமி என்ன செய்தது?

மூளையை நேரடியாகத் தாக்கும் தொற்றை மலேசியா முன்பே கண்டிருக்கிறது. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் பேராக், நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளைச் சுற்றிப் பரவிய நிப்பா கிருமி 265 பேரைத் தாக்கி, 105 உயிர்களைப் பறித்தது. மூளைக் காய்ச்சலும் மயக்கமும் வலிப்பும் அந்நோயின் அடையாளங்களாக இருந்தன.

கோவிட்-19 அப்படிப்பட்டது அல்ல. அது முதலில் நுரையீரலைக் குறிவைத்தது. வலிப்பு நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவருக்குக் கோவிட் எளிதில் தொற்றும் என்பதற்குச் சான்று இல்லை என்று அனைத்துலக வலிப்பு நோய் மருத்துவ அமைப்புகள் தொடக்கத்திலிருந்தே கூறி வந்தன. தொற்று கண்டவர்களில் புதிதாக வலிப்பு வந்தவர்களும் சிலரே.

ஆனாலும் கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. கடுமையான காய்ச்சல் எந்தக் காரணத்தால் வந்தாலும், ஏற்கெனவே வலிப்பு உள்ளவருக்கு அதைத் தூண்டிவிடலாம். காய்ச்சலோடு வாந்தி வந்தால் சாப்பிட்ட மாத்திரையும் வெளியே வந்துவிடும். சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டுக் கிடக்கும் ஒருவர் மருந்து வேளையை மறப்பதும் எளிது. கிருமி முன்வாசல் வழியாக வராவிட்டாலும் பின்வாசல் வழியாக வந்தது என்று சொல்லலாம்.

கிள்ளானில் மருந்துச் சங்கிலி அறுந்தது எப்படி?

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பொருள் வாங்க வெளியே போகலாம், 10 கிலோமீட்டருக்கு அப்பால் போகக் கூடாது என்ற விதிகள் அடுத்தடுத்து வந்தன. மருத்துவக் காரணத்திற்கு விலக்கு இருந்தது. ஆனால் சாலைத் தடுப்பில் போலீசாரிடம் அட்டையைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே பலரைத் தயங்க வைக்கப் போதுமானதாக இருந்தது.

காப்பார், மேரு, பந்திங், கேரித் தீவு போன்ற இடங்களில் உள்ளவர்களுக்கு இந்தத் தூரம் சாதாரணமானதல்ல. சொந்த வாகனம் இல்லாத முதியவரோ, வலிப்பின் காரணமாக மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாதவரோ பேருந்தையோ, உறவினரின் காரையோதான் நம்ப வேண்டும். வலிப்பு நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் துணைக்கு ஒருவர் வேண்டும். வெளியே ஒருவர்தான் போகலாம் என்ற நிலையில் நோயாளி போவதா, துணை போவதா என்ற குழப்பம் எழுவது இயல்பு. நரம்பியல் நிபுணரைப் பார்ப்பவர்கள் கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ மலாயா பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போக வேண்டியிருந்தால் பயணம் இன்னும் நீளும்.

இதோடு, மருத்துவமனைகள் அவசரமில்லாத சந்திப்புகளைத் தள்ளி வைத்தன. மருத்துவர்களும் தாதியரும் கோவிட் வார்டுகளுக்கு மாற்றப்பட்டனர். கிள்ளான் பள்ளத்தாக்கில் சுங்கை பூலோ மருத்துவமனை கோவிட் சிகிச்சைக்கான முதன்மை மையமாக ஆக்கப்பட்டது. மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை, திட்டமிட்ட அறுவை சிகிச்சை போன்றவை உலகெங்கும் பல மருத்துவமனைகளில் ஒத்திவைக்கப்பட்டன.

சந்திப்பு தள்ளிப்போனாலும் மருந்துச் சீட்டு செல்லுபடியாகும் வரை மருந்து வாங்கலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கவில்லை. “டாக்டரைப் பார்க்கும் தேதி மாறிவிட்டது, ஆகவே மருந்தும் அன்றைக்குத்தான்” என்று நினைத்துக்கொள்வது எளிது. அப்படி நினைப்பவர், இருக்கும் மாத்திரையை நீட்டிப்பதற்காக இரண்டை ஒன்றாகக் குறைத்துச் சாப்பிடத் தொடங்குகிறார். வலிப்பு மருத்துவத்தில் இதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை.

இது கிள்ளானுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2020-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் 130 நாடுகளிடம் விசாரித்தது. மனநலம், நரம்பு நோய் ஆகியவற்றுக்கான சேவைகளில் ஏதாவது ஒன்றாவது பாதிக்கப்பட்டதாக 93 விழுக்காட்டு நாடுகள் தெரிவித்தன. நிற்காத வலிப்பு போன்றவற்றுக்கான அவசர சிகிச்சை தடைபட்டதாக 35 விழுக்காட்டு நாடுகளும், மருந்து கிடைப்பது தடைபட்டதாக 30 விழுக்காட்டு நாடுகளும் கூறின.

2021 ஜூலை: அவசரப் பிரிவுக்குப் போகவும் அச்சம்

கிள்ளான் மக்கள் மறக்க முடியாத மாதம் 2021 ஜூலை. ஜூன் 1-ஆம் நாள் நாடு முழுதும் மீண்டும் முடக்கப்பட்டது. ஜூலை 3 முதல் சிலாங்கூரின் பெரும்பகுதியிலும் கோலாலம்பூரின் சில பகுதிகளிலும் கடுமையாக்கப்பட்ட ஆணை நடப்புக்கு வந்தது. ஜூலை 13-ஆம் நாள் நாட்டின் ஒரு நாள் தொற்று முதல் முறையாக 10,000-ஐத் தாண்டியது. அவற்றில் மிகப் பெரும் பங்கு சிலாங்கூரைச் சேர்ந்தது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்து, வெளியே கூடாரம் அமைக்க வேண்டிய நிலை ஏற்பட்டதை அப்போதைய செய்திகள் காட்டின. வருமானம் நின்றுபோன வீடுகளின் சன்னல்களில் வெள்ளைக் கொடி பறந்ததும் அந்த நாட்களில்தான்.

அந்தப் படங்களைப் பார்த்த ஒரு குடும்பம், வீட்டில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் மருத்துவமனைக்குப் போகத் துணியுமா? “அங்கே போனால் கோவிட் ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் பார்ப்போம்” என்று காத்திருப்பதே மனித இயல்பு. வழக்கமாக இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும் வலிப்பு என்றால் காத்திருப்பதில் தவறில்லை. நிற்காத வலிப்பில் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு இழப்பு. எதற்கு வீட்டிலேயே சமாளிக்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும் என்ற எல்லை தெரியாததுதான் பல வீடுகளில் சிக்கலாகும்.

தூக்கம், கவலை, திரை

வலிப்பைத் தூண்டும் காரணங்களில் மருந்து தவறுவதற்கு அடுத்து வருவது தூக்கக் குறைவு. மன உளைச்சலும் அதனோடு சேர்ந்து கொள்ளும். பெருந்தொற்றின்போது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், பெரும்பாலான நோயாளிகளுக்கு வலிப்பு கூடவில்லை. ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடியது. அவர்களிடம் காணப்பட்டவை தூக்கமின்மை, கவலை, வருமான இழப்பு, மருந்து கிடைப்பதில் சிரமம் ஆகியவையே.

கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ முறைமாற்றி வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்க வேண்டியவர், பிள்ளைகளும் பெரியவர்களுமாக அனைவரும் அடைபட்டிருக்கும் சிறிய அடுக்குமாடி வீட்டில் எப்படித் தூங்குவார்? வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மதுவை நாடுபவருக்குச் சிக்கல் இரட்டிப்பாகும். மதுவும் தூக்கத்தைக் கெடுக்கும், மருந்தின் வேலையையும் கெடுக்கும். தொடர்ந்து குடித்துவிட்டுத் திடீரென நிறுத்துவதும் வலிப்பைக் கொண்டுவரும். அப்படி நிறுத்த விரும்புபவர் மருத்துவரின் துணையோடு நிறுத்துவதே நல்லது.

பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே கைப்பேசி வழி பாடம் படித்ததைப் பார்த்து, திரையைப் பார்த்தால் வலிப்பு வந்துவிடுமோ என்று பெற்றோர் பயந்தனர். மின்னும் ஒளியால் வலிப்பு வருவது நோயாளிகளில் நூற்றில் சுமார் 3 பேருக்கு மட்டுமே. மற்றவர்களுக்குத் திரையைவிட, அந்தத் திரையோடு நள்ளிரவு வரை விழித்திருப்பதுதான் கெடுதல். வலிப்பு உள்ள பிள்ளை நேரத்தோடு தூங்குவதை உறுதி செய்வது மாத்திரை கொடுப்பதைப் போலவே முக்கியம்.

கற்பூரமும் தைலமும்

2021-ஆம் ஆண்டில் உயிர்வளி அளவைக் கூட்டும் என்று சொல்லி, கற்பூரம், ஓமம், கிராம்பு ஆகியவற்றோடு நீலகிரித் தைலம் சில சொட்டு விட்டுத் துணியில் முடிந்து முகரும் குறிப்பு வாட்ஸ்அப் வழி வேகமாகப் பரவியது. தைலம் விட்டு ஆவி பிடிப்பதும் வீட்டுக்கு வீடு நடந்தது. இந்தக் கலவை இரத்தத்தில் உயிர்வளியைக் கூட்டும் என்பதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை.

வலிப்பு நோயாளிகளுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. கற்பூரம் உடலுக்குள் போனால் வலிப்பை உண்டாக்கக் கூடியது என்பது மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. குழந்தைகள் சிறு துண்டை விழுங்கினால்கூட ஆபத்துதான். நீலகிரித் தைலத்தை முகர்ந்ததாலும் பூசியதாலும் வலிப்பு வந்த நோயாளிகளைப் பற்றிப் பெங்களூரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். சாமிக்குக் கற்பூரம் காட்டுவதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. அதை முகர்வதும், மார்பில் தேய்ப்பதும், மருந்தாக உட்கொள்வதும் வலிப்பு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டியவை. சளிக்கு ஆவி பிடிக்க வேண்டுமென்றால் வெறும் வெந்நீரே போதும்.

மூலிகைக் கஷாயம் குடிப்பவர்களும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கஷாயம் குடிக்கிறோம் என்பதற்காக வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தடுப்பூசியும் கோவிட் மாத்திரையும்

2021 பிப்ரவரி 24-ஆம் நாள் தேசிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, “வலிப்பு உள்ளவர்கள் ஊசி போடலாமா?” என்ற கேள்வி எழுந்தது. வலிப்பு நோய் தடுப்பூசிக்குத் தடையல்ல என்பதே நரம்பியல் மருத்துவர்களின் தெளிவான பதில். ஊசி போட்ட ஓரிரு நாளில் காய்ச்சல் வரலாம். அந்தக் காய்ச்சலைப் பாரசிட்டமோல் கொடுத்துக் கட்டுப்படுத்த வேண்டும், வலிப்பு மாத்திரையைத் தவறவிடக் கூடாது, அவ்வளவுதான். இது சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கும் பொருந்தும்.

கவனம் தேவைப்பட்டது வேறு இடத்தில். 2022-ஆம் ஆண்டில் மலேசியாவில் பயன்பாட்டுக்கு வந்த பேக்ஸ்லோவிட் என்ற கோவிட் மாத்திரை, கார்பமாசெப்பின், பெனிட்டோயின், பெனோபார்பிட்டோன் ஆகிய வலிப்பு மருந்துகளோடு சேராது. இந்த மூன்றும் கல்லீரலை விரைவாக வேலை செய்ய வைத்து, கோவிட் மருந்தை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். அதனால் கோவிட் மருந்து பயன் தராது. இந்த வலிப்பு மருந்துகள் மலிவானவை, நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ளவை. ஆகவே நம்மவர்களில் பலரும் சாப்பிடக் கூடியவை இவை.

“ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று சொன்னால் எந்த மருத்துவராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. மருந்தின் பெயரும் அளவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

மறைப்பதால் வரும் ஆபத்து

தமிழில் ‘காக்காய் வலிப்பு’ என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கால் கை வலிப்பு என்பதே பேச்சுவழக்கில் அப்படி மருவியது என்பார்கள். காகத்துக்கும் இந்த நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மலாய் மொழியிலும் பன்றியோடு சேர்த்துச் சொல்லும் ‘கீலா பாபி’ என்ற பழைய பெயர் உண்டு. பெயரிலேயே இழிவு ஒட்டிக்கொண்டிருப்பதால் நோயாளிகள் கூனிக் குறுகுகிறார்கள். தென் கொரியாவில் இதே காரணத்திற்காக நோயின் பெயரையே மாற்றினார்கள்.

பெண்ணுக்கு வரன் தேடும்போது மறைக்கிறார்கள். வேலைக்கு மனுப் போடும்போது மறைக்கிறார்கள். பேய் பிடித்தது, செய்வினை என்று சொல்லிப் பூசாரியைத் தேடிப் போவோரும் இன்றும் உண்டு. சாதாரண நாட்களில் இந்த மறைப்பு எப்படியோ ஓடிவிடும். பெருந்தொற்றில் அது உயிருக்கே உலை வைக்கக் கூடியது. மருந்து வாங்கித் தரும்படி அண்டை வீட்டாரிடம் கேட்க முடியாது, ஏனென்றால் அவர்களுக்கு நோய் தெரியாது. தனிமைப்படுத்தும் மையத்தில் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்ல முடியாது. பொட்டலத்தைப் பிரித்து மாத்திரை சாப்பிடவே கூச்சம். தனியறையில் அடைபட்டிருக்கும்போது வலிப்பு வந்தால் யாருக்கும் தெரியாமலே போகும்.

வலிப்பு நோயாளிகளில் ஆண்டுக்கு ஆயிரத்தில் சுமார் ஒருவர், வேறு காரணம் எதுவும் கண்டறிய முடியாமல் திடீரென இறக்கிறார். பெரும்பாலும் இரவில், தனியே தூங்கும்போது இது நிகழ்கிறது. வலிப்பு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கே ஆபத்து அதிகம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதும், நம்பிக்கையான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி வைப்பதும் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரும்பு வேண்டாம், சாவி வேண்டாம்

வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்தைத் திணிப்பது இன்றும் நம்மிடையே காணப்படும் பழக்கம். வலிப்பு தானாகவே ஓரிரு நிமிடத்தில் நிற்கும். அந்த நேரத்தில் சாவி கையில் இருந்ததால் பெருமை சாவிக்குப் போய்ச் சேருகிறது. அந்தச் சாவியால் நோயாளியின் கையில் காயம் படலாம் என்பதே உண்மை. செய்ய வேண்டியவை மிக எளியவை:

- பதறாமல் கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
- சுற்றியுள்ள கூர்மையான, சூடான பொருட்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள்.
- கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். முகக்கவசம் அணிந்திருந்தால் உடனே கழற்றுங்கள்.
- முடிந்தவுடன் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியேறி மூச்சு சீராகும்.
- வாயில் கரண்டி, துணி, விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். கை கால்களை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.
- முழு நினைவு திரும்பும்வரை உடன் இருங்கள்.

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ, மூச்சு சீராகாவிட்டாலோ, காயம் பட்டாலோ, தண்ணீரில் விழுந்திருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, வாழ்நாளில் முதல் முறையாக வந்தாலோ உடனே 999-ஐ அழைக்க வேண்டும். தொற்று பரவும் காலமாக இருந்தாலும் இந்த விதி மாறாது. உதவுபவர் தாம் முகக்கவசம் அணிந்துகொண்டு, பிறகு கையைக் கழுவினால் போதும்.

நெருக்கடி திறந்துவிட்ட வழிகள்

கெட்டதிலும் சில நல்லது நடந்தது. அரசாங்க மருந்தகங்களில் முன்பே இருந்தும் பலரும் பயன்படுத்தாத சேவைகளைப் பெருந்தொற்றின்போது சுகாதார அமைச்சு ஊக்குவித்தது. தொடர் மருந்தை அஞ்சல் வழி வீட்டுக்கே பெறலாம், அதற்கான அஞ்சல் கட்டணத்தை நோயாளி செலுத்த வேண்டும். முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு, காரிலிருந்து இறங்காமலே மருந்தை வாங்கும் வசதி உண்டு. பெரிய மருத்துவமனையில் எழுதிய மருந்தை வீட்டுக்கு அருகில் உள்ள அரசாங்க மருத்துவமனையிலோ சுகாதார கிளினிக்கிலோ வாங்கிக்கொள்ளும் எஸ்.பி.யூ.பி. எனப்படும் முறையும் இருக்கிறது. கோலாலம்பூரில் மருத்துவரைப் பார்க்கும் பந்திங்வாசி, மாத மருந்துக்காக ஒவ்வொரு முறையும் கோலாலம்பூர் போக வேண்டியதில்லை. எந்த மருந்தகத்தில் எந்தச் சேவை உண்டு என்பதை அடுத்த முறை மருந்து வாங்கும்போது முகப்பில் கேட்டாலே சொல்வார்கள்.

தொலைபேசி வழியும் காணொளி வழியும் மருத்துவரிடம் பேசுவதும் அப்போது பரவலானது. வலிப்பு நோய்க்கு இது பொருத்தமான வழி. இந்நோயில் மருத்துவர் பெரும்பாலும் நம்புவது, என்ன நடந்தது என்று பார்த்தவர் சொல்லும் விவரத்தைத்தான். வலிப்பு வரும்போது ஒருவர் நோயாளியைக் கவனிக்க, இன்னொருவர் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால், அந்த ஒரு நிமிடக் காணொளி பல பரிசோதனைகளைவிட மருத்துவருக்கு உதவும். அதை வாட்ஸ்அப் குழுக்களில் பகிராமல் மருத்துவருக்கு மட்டும் காட்டுவது நோயாளிக்குச் செய்யும் மரியாதை.

அடுத்த தடைக்கு முன் செய்ய வேண்டியது

பெருந்தொற்று முடிவதற்குள்ளேயே கிள்ளான் பள்ளத்தாக்கு இன்னொரு சோதனையைச் சந்தித்தது. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் பெருவெள்ளம் வந்தது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் பலர் கூரை மீது ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். அப்படி ஓர் இரவில் மாத்திரைப் பொட்டலமும், மருத்துவ அட்டையும் நீரோடு போய்விட்டால் நிலைமை என்ன? நடமாட்டத் தடையானாலும் வெள்ளமானாலும் வலிப்பு நோயாளிக்கு முடிவில் எழும் கேள்வி ஒன்றே: நாளைக்கு மாத்திரை இருக்கிறதா?

அதற்கு வீட்டில் செய்து வைக்கக் கூடியவை இவை. கையிருப்பு மருந்து இரண்டு வாரத்திற்குக் கீழே இறங்குவதற்கு முன்பே அடுத்த மருந்தை வாங்கிவிடுவது. மருந்தின் பெயர், அளவு, சாப்பிடும் வேளை, பார்க்கும் மருத்துவமனை, ஒவ்வாமை, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, தண்ணீர் புகாத பையில் சில நாள் மாத்திரைகளோடு வைப்பது. மருந்து ஒட்டுத்தாளையும் சந்திப்பு அட்டையையும் கைப்பேசியில் படம் பிடித்து, பிள்ளைகளில் ஒருவருக்கும் அனுப்பி வைப்பது. அடிக்கடி நீண்ட வலிப்பு வருபவர் என்றால், வீட்டிலேயே கொடுக்கக் கூடிய அவசர மருந்து தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது.

மாத்திரை தீர்ந்துவிட்டால் சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அருகில் உள்ள சுகாதார கிளினிக்குக்குச் சென்று நிலைமையைச் சொல்ல வேண்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் இரண்டையும் சேர்த்து விழுங்காமல் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சமூகத்திற்கும் இதில் பங்குண்டு. ஆலய நிர்வாகங்களும், தோட்டத் தலைவர்களும், அடுக்குமாடிக் குடியிருப்பாளர் சங்கங்களும் வெள்ளைக் கொடி நாட்களில் அரிசி, மாவு, பால் மாவு பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. அப்படிப் போகும்போது “வீட்டில் தினமும் மருந்து சாப்பிடுபவர் யாராவது உண்டா, மருந்து இருக்கிறதா?” என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டால் போதும். என்ன நோய் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நோயாளியின் மானமும் காக்கப்படும், மருந்தும் வந்து சேரும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வலிப்புக்கான முதலுதவியைத் தெரிந்து வைத்திருந்தால் ஒரு வகுப்பே தெரிந்துகொள்ளும்.

2022 மே மாதம் ஜெனிவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, வலிப்பு உள்ளிட்ட நரம்பு நோய்களுக்காக 2031 வரையிலான செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2031-க்குள் வலிப்பு சிகிச்சை சென்று சேருவோரின் அளவை, 2021-இல் இருந்ததைவிட 50 விழுக்காடு உயர்த்த வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அரசாங்கங்கள் செய்ய வேண்டியதை அரசாங்கங்கள் செய்யட்டும். மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் வேலையை ஒவ்வொரு குடும்பமும் இன்றைக்கே செய்யலாம்.